முதுமைக்குப் பயப்படுகிற விசுவாசி

16 பிப்ரவரி 2025, வாசகர் ஒருவர் கேட்டது

“எழுபது தாண்டிய விசுவாசிகள் பலர் சுகர், பிரஷர், முட்டி வலி என்றே பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆண்டவரை உண்மையாக நம்புகிறவனுக்கு முதுமையைப் பற்றிய பயம் வரலாமா? மோசேக்கு 120 வயதிலும் கண் இருளடையவில்லை, பெலன் குறையவில்லை என்று உபாகமம் 34 சொல்கிறது. நம்முடைய விசுவாசம்தான் குறைந்துவிட்டது என்பது என் கருத்து. பெரியவர்கள் பதில் சொல்லலாம்.”

16 பிப்ரவரி, இரவு

பெரியவர்கள் என்று கூப்பிட்டதால் வந்தேன். வயது 74. பாளையங்கோட்டைப் பக்கம். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது பார்க்கின்சன் (நடுக்குவாத) நோய்க்காரி. டைப் அடிக்க நேரமாகும், பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

தம்பி, மோசேயை மட்டும் எடுத்துக்கொண்டால் எப்படி? ஈசாக்குக்குக் கண் தெரியாமல், எதிரே நிற்பது எந்த மகன் என்று தடவிப் பார்த்தார். யாக்கோபுக்கும் கடைசியில் கண் மங்கிவிட்டது. ஏலிக்கு 98 வயது, பார்வை இல்லை, ஆசனத்திலிருந்து மல்லாக்க விழுந்து பிடரி முறிந்து செத்தார். தாவீது ராஜாவுக்கு எத்தனை துணி போர்த்தியும் உடம்பில் சூடு ஏறவில்லை. எலிசாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஊராருக்கெல்லாம் அற்புதம் செய்தவர், கடைசியில் வியாதியாய்க் கிடந்துதான் போனார். அவருடைய எலும்பு பட்டு ஒரு பிணம் எழுந்தது என்று 2 இராஜாக்கள் 13-இல் இருக்கிறது. உயிரோடு கிடந்தபோது அவருக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இவர்கள் எல்லாருக்கும் விசுவாசம் குறைவா?

மோசே விதிவிலக்கு. அதனால்தான் அதைத் தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

17 பிப்ரவரி

பயம் இருக்கிறதா என்ற கேள்விக்கு நேற்று பதில் சொல்லவில்லை. இருக்கிறது. சாவைப் பற்றி இல்லை, அதை வேலையில் நிறையப் பார்த்துவிட்டேன். என் பயம் பாத்ரூம். யார் கூட்டிப்போவார், யார் கழுவிவிடுவார், அவர்கள் முகம் எப்படி இருக்கும்.

சங்கீதம் 71 எழுதியவருக்கும் அப்படி ஏதோ இருந்திருக்கும். “முதிர்ந்தவயதில் என்னைத் தள்ளிவிடாமலும், என் பெலன் ஒடுங்கும்போது என்னைக் கைவிடாமலும் இரும்” என்கிறார். பயமே இல்லாதவன் இப்படிக் கேட்பானா? அந்தப் பயத்தை அப்படியே ஜெபமாக்கி வேதத்துக்குள்ளே வைத்திருக்கிறார்கள். நாம் மட்டும் ஏன் அதை ஒளித்து வைத்துக்கொண்டு “ஸ்தோத்திரம், நல்லாயிருக்கேன்” என்று சொல்ல வேண்டும்?

சரி, சொல்வேன்தான். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் எல்லாரிடமும் நோயை விவரிக்க முடியாது.

20 பிப்ரவரி

ஒருவர் ஆசா ராஜா வசனத்தை அனுப்பியிருக்கிறார். வந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். ஆசாவுக்கு முதிர்வயதில் கால்களில் வியாதி. அவன் கர்த்தரைத் தேடாமல் வைத்தியர்களைத் தேடினான் என்று 2 நாளாகமம் 16 சொல்கிறது. அதனால் மாத்திரை போடுவது அவிசுவாசமாம்.

அதே வேதத்தில் எசேக்கியா ராஜாவின் பிளவைக்கு அத்திப்பழ அடை வைத்துக் கட்டச் சொன்னது ஏசாயா தீர்க்கதரிசி. தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னது பவுல். துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டு வந்ததும் அதே பவுல்தான். கூடவே இருந்த லூக்கா வைத்தியர்.

இதைச் சிரிப்போடு விட்டுவிடுவேன், ஆனால் ஒரு சுகமளிக்கும் கூட்டத்தில் “மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள்” என்று சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். யார், எங்கே என்பது வேண்டாம். பார்க்கின்சன் நோய்க்காரர்கள் வீட்டில் யாராவது இருந்தால் கவனியுங்கள். லெவோடோபா–கார்பிடோபா மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. உடம்பு கட்டையாக விறைத்து, காய்ச்சல் ஏறி, நினைவு தப்பி உயிருக்கே ஆபத்தாகலாம். ஜெபிப்பவர் ஜெபிக்கட்டும். மாத்திரையைக் குறைப்பதோ நிறுத்துவதோ டாக்டர் சொல்லித்தான்.

இன்னொன்று. அந்த மாத்திரையை முட்டை, பருப்பு, பால் சாப்பிட்ட கையோடு போட்டால் சரியாக வேலை செய்யாது. புரதம் குறுக்கே நிற்கும். சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால் போட்டுவிடுவது நல்லது.

7 மார்ச்

நேற்று இரவு ரோமில் போப் பிரான்சிஸின் குரலை ஒலிபரப்பினார்கள். பிப்ரவரி 14-இலிருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார், 88 வயது, இரண்டு நுரையீரலிலும் நிமோனியா. சின்ன வயதிலேயே ஒரு நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலேயே பதிவு செய்த குரல், ஜெபிக்கிறவர்களுக்கு நன்றி சொல்லி ஸ்பானிய மொழியில் பேசினார். மூச்சு வாங்குகிறது. பாதி கேட்கவில்லை.

அதைக் கேட்டு அழுதேன். எனக்கும் குரல் இறங்கிக்கொண்டே வருகிறது, அதுவும் இந்த நோயின் வேலைதான். நான் சத்தமாகப் பேசுவதாக நினைக்கிறேன், அத்தானோ “என்னட்டி முணுமுணுக்கே?” என்கிறார். (அவருக்குக் காது கேட்காது என்பது இன்னொரு கதை. எங்கள் வீட்டில் சண்டை நின்றுபோனதற்கு அதுதான் காரணம்.) பாடகர் குழுவில் ஆல்ட்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) பாடியவள் நான். இப்போது கோயிலில் சபையார் பதில் சொல்லும் இடங்களில் வாயை மட்டும் அசைக்கிறேன்.

அவ்வளவு மெலிந்த குரலை ஒரு பெரிய மைதானம் முழுக்கக் கேட்கும்படி போடலாம் என்று அந்த மனிதருக்குத் தோன்றியிருக்கிறது. நானாக இருந்தால் வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லியிருப்பேன்.

8 மார்ச்

“சி.எஸ்.ஐ.காரி எதற்குப் போப்பைப் பற்றிப் பேசுகிறாய்?” என்று ஒருவர். நிமோனியாவுக்கு சபைப்பிரிவு தெரியாது ஐயா.

12 மார்ச்

இதை எழுதலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். லெந்து என்னும் தபசு நாட்கள், எழுதிவிடுகிறேன்.

கை நடுங்குவதற்கு ரொம்ப முன்னாலேயே எனக்கு ஜெபம் வறண்டுவிட்டது. அதிகாலையில் எழுந்து வேதம் வாசிப்பது சின்ன வயதுப் பழக்கம். ஒரு கட்டத்தில் வாசிப்பேன், ஒன்றும் ஒட்டாது. பாட்டில் இனிப்பு இல்லை. கிறிஸ்துமஸ் வந்தது, போனது. பேரன் பிறந்தான், கையில் வாங்கினேன், உள்ளே ஒன்றும் அசையவில்லை. ஆண்டவர் என்னை விட்டுப் போய்விட்டார் என்று முடிவே கட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் செய்தி கொடுக்கிறவள் இதை யாரிடம் சொல்வது? ஒளித்து வைத்திருந்த பாவம் ஏதாவது இருக்கிறதா என்று பழைய வருடங்களையெல்லாம் தோண்டினேன்.

பிறகு நோய் தெரிந்து, நரம்பியல் டாக்டரிடம் போனபோது அவர் கேட்டார்: “மணம் தெரிகிறதா? ராத்திரி தூக்கத்தில் கத்துகிறீர்களா? எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறீர்களா?” மூன்றும் உண்டு. கை நடுங்குவதற்குப் பல வருடம் முன்னாலேயே இதெல்லாம் வரலாம் என்றார். மூளையில் டோப்பமின் என்ற ரசாயனம் குறைந்துகொண்டே போகிறது, ஆசை, ஆர்வம், சந்தோஷம் எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு என்றார். நர்ஸாக இருந்தும் இதை என்னோடு நான் சேர்த்துப் பார்க்கவில்லை. நோயாளிகளுக்குத்தானே நோய் வரும்!

அன்றைக்குப் பெரிய ஆறுதல். ஆண்டவர் போகவில்லை, டோப்பமின்தான் போயிருக்கிறது.

அந்த ஆறுதல் வீடு வந்து சேரும் வரைக்கும்தான். ராத்திரி வேறு கேள்வி வந்தது. ரசாயனம் குறைந்ததால் போனது ஜெபத்தின் இனிமை என்றால், முன்பு இருந்த இனிமையும் ரசாயனம்தானா? முப்பது வயதில் கன்வென்ஷன் பந்தலில் கண்ணீரோடு எழுந்து நின்றேனே, அது யார்? தொடங்கிய தம்பி “விசுவாசம் குறைந்துவிட்டது” என்று எழுதியதைப் படித்தபோது கோபம் வந்ததற்குக் காரணம் இதுதான். எந்தப் பாத்திரத்தில் அளந்து குறைவு என்கிறீர்கள்?

கை வலிக்கிறது. மீதி அப்புறம்.

13 மார்ச், அதிகாலை 3 மணி

தூக்கம் இல்லை. மாத்திரையின் இன்னொரு பக்கத்தையும் சொல்கிறேன். போன வருடம் அளவைக் கூட்டியபோது கட்டில் காலடியில் ஒரு சின்னப் பிள்ளை நிற்பது தெரிந்தது. வெள்ளைச் சட்டை. பயமுறுத்தவில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தது. பல ராத்திரி வந்தது. ஜெபக்குழுவில் சொன்னேன். ஒரு அக்கா “தேவதூதன்” என்றார். இன்னொருவர் வீட்டுக்கு எண்ணெய் பூச வேண்டும் என்றார். டாக்டர் அரை மாத்திரையைக் குறைத்தார், பிள்ளை போய்விட்டது.

குறைத்ததால் கால் மறுபடி தரையில் ஒட்டிக்கொண்டது. நடை வேண்டுமென்றால் பிள்ளையும் வரும், பிள்ளை வேண்டாமென்றால் நடையும் போகும் என்ற நிலை. பிள்ளை வேண்டாம் என்றே விட்டுவிட்டேன். ஆனாலும் அந்தப் பிள்ளையை எப்போதாவது தேடுகிறேன், சிரிக்காதீர்கள்.

15 மார்ச்

12-ஆம் தேதிக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதிலை எழுதுகிறேன். முழுப் பதில் இல்லை.

மாற்கு 2. நாலு பேர் திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்து, கூட்டத்தால் உள்ளே போக முடியாமல், கூரையைப் பிரித்துக் கட்டிலோடு இறக்குகிறார்கள். இயேசு “அவர்கள் விசுவாசத்தைக் கண்டு” பேசினார் என்று இருக்கிறது. கட்டிலில் கிடந்தவன் என்ன நம்பினான் என்று ஒரு வார்த்தை இல்லை. அவன் வாயையே திறக்கவில்லை. ஒருவேளை “எதுக்குடா இந்த வேலை, வீட்டுக்குக் கொண்டுபோங்கடா” என்று புலம்பிக்கொண்டுகூட வந்திருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது எனக்குக் குரல் வராது, சில வாரம் மனசும் வராது. இரண்டு பக்கமும் நின்று சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதற்குள் நான் நிற்கிறேன், அவ்வளவுதான். முன்பு என்றால் இது எனக்குப் போதாது. தனிப்பட்ட அனுபவம் வேண்டும், சாட்சி வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவள். இப்போது போதுகிறது.

ஆல்சைமர் வந்து ஆண்டவர் பெயரையே மறந்துபோன அம்மாவைப் பற்றி ஒரு சகோதரி மேலே கேட்டிருந்தார்களே, அவர்களுக்கும் இதைத்தான் சொல்ல வருகிறேன். அம்மா மறக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்.

25 மார்ச்

போப் ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போய்விட்டார். நல்லது.

நடை பற்றிக் கேட்டவருக்கு: கால் தரையில் ஒட்டிக்கொள்வது, முக்கியமாக நிலைப்படியிலும் திரும்புகிற இடத்திலும், இந்த நோயில் சகஜம். இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார்கள். தாளம் கொடுத்தால் கால் கிளம்பும். எங்கள் பிசியோதெரபிஸ்ட் “ஒண்ணு, ரெண்டு” எண்ணச் சொன்னார். நான் பாமாலைக்கு (கோயில் பாட்டுப் புத்தகம்) மாறிவிட்டேன். நாலு அடியாகச் சீராகப் போகிற பாட்டு என்றால் படுக்கையறையிலிருந்து சாப்பாட்டு மேசை வரை ஒரு சரணத்தில் வந்துவிடலாம். கீர்த்தனை என்றால் மேலே போட்டிருக்கும் தாளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆதி தாளம் பரவாயில்லை. மூன்று மூன்றாகப் போகிற ரூபகத்தில் நடக்கப் பார்த்து அலமாரியில் இடித்துக்கொண்டேன்.

புது வருட ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டை ஏசாயா 40:31. கழுகைப்போல எழும்புவார்கள், ஓடினாலும் இளைப்படையார்கள். அத்தான் சிரித்த சிரிப்பு இன்னும் நிற்கவில்லை. அவருக்கு மூட்டு தேய்ந்திருக்கிறது, அவருக்கும் அதே வசனம் வந்திருக்கலாம் என்பது என் ஆசை.

2 ஏப்ரல்

பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பாருங்கள், படுக்கையிலிருந்தே எவ்வளவு ஊழியம் செய்தார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். டோனாவூர் எங்களுக்குப் பக்கம்தான். 1931-இல் களக்காட்டில் குழியில் விழுந்து அடிபட்டார். 1951 ஜனவரியில் இறக்கும் வரை, கிட்டத்தட்ட இருபது வருடம், பெரும்பாலும் அந்த அறையும் படுக்கையும்தான். அதற்குள் எத்தனையோ புத்தகங்கள். எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

ஆனால் அவரைச் சொல்லிச் சொல்லியே நம்மைப் போன்றவர்களைக் குற்ற உணர்ச்சியில் தள்ளுகிறார்கள். படுத்தாலும் கனி கொடுக்க வேண்டுமாம். எனக்கு எழுத்து எறும்பு ஊர்வதுபோல் சின்னதாகிவிட்டது, மளிகைச் சீட்டுகூட எழுத வராது. நான் என்ன புத்தகம் எழுத?

நர்ஸ் புத்தி வேறு இடத்துக்குப் போகிறது. அந்த இருபது வருடமும் அவருக்குப் படுக்கை விரிப்பு மாற்றியது யார்? புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்தது யார்? அவர் எடுத்து வளர்த்த பிள்ளைகளும் கூட இருந்த ஊழியர்களும்தானே. அவர்களைப் பற்றி ஒரு பிரசங்கமும் நான் கேட்டதில்லை. கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டிதான் வைத்திருக்கிறார்கள். அதில் “அம்மாய்” என்று மட்டும் இருக்கும்.

11 ஏப்ரல்

இன்று உலகப் பார்க்கின்சன் தினம். ஜேம்ஸ் பார்க்கின்சன் பிறந்த நாள். 1817-இலேயே இந்த நோயை எழுதி வைத்தவர். வாழ்த்து சொல்வதா என்று தெரியாமல் மகள் ஒரு பூ படம் அனுப்பியிருக்கிறாள்.

18 ஏப்ரல், பெரிய வெள்ளி

மும்மணி ஆராதனைக்குப் போகவில்லை. மூன்று மணி நேரம் உட்கார முடியாது. ஒரு வேளை மாத்திரையின் வேகம், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றிய பிரசங்கத்தில் இரண்டாம் வார்த்தையோடு தீர்ந்துவிடும். வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நேற்று போப் ரோமில் ஒரு சிறைக்குப் போனார். பல வருடங்கள் பெரிய வியாழனன்று கைதிகளின் காலைக் கழுவியிருக்கிறார். இந்த வருடம் முடியவில்லை என்று அவரே சொல்லிவிட்டு, அவர்களோடு இருந்துவிட்டு வந்தார்.

எங்கள் சபையில் கால் கழுவும் வழக்கம் இல்லை, திருவிருந்து மட்டும். ஆனால் நேற்று இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவுகிற யோவான் 13 வாசித்தபோது பேதுருவிடம் நின்றுவிட்டேன். “நீர் என் கால்களைக் கழுவக் கூடாது” என்கிறார். வேலைக்காலம் முழுக்க நான் எத்தனை பேரைக் கழுவியிருப்பேன்! சர்க்கரை நோய்க்காரர்களின் கால்விரல் இடுக்கு வரை. அதை ஊழியம் என்று பெருமையாகவே நினைத்தேன். கழுவப்பட்டவர்களுக்கு எப்படி இருந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. சிலர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்கள். வலி என்று நினைத்தேன்.

இப்போது எனக்கு உதவிக்கு ஒரு பெண் வருகிறாள். பக்கத்து ஊர், இசக்கியம்மனைக் கும்பிடுகிறவள், செவ்வாய்க்கிழமை விரதம். “சிஸ்டரம்மா, கால நீட்டுங்க” என்பாள். முதல் நாட்களில் நானும் சுவரைத்தான் பார்த்தேன்.

அதே பேதுருவிடம் அதே சுவிசேஷத்தின் கடைசியில் இயேசு சொல்கிறார்: இளவயதில் நீயே அரைகட்டிக்கொண்டு இஷ்டப்பட்ட இடத்துக்குப் போனாய்; முதிர்வயதில் கைகளை நீட்டுவாய், வேறொருவன் உன் அரையைக் கட்டுவான். அது பேதுரு எப்படிச் சாவார் என்பதைக் குறித்துச் சொன்னது என்று யோவானே விளக்கிவிட்டார், தெரியும். ஆனாலும் காலையில் பாவாடை நாடாவை அவள் கட்டிவிடும்போது எனக்கு அந்த வசனம்தான் வருகிறது.

19 ஏப்ரல்

ஒரு மருமகள் எழுதியிருக்கிறார். பெயர் போடவில்லை. “மாமியாரை நான்தான் பார்க்கிறேன். சுமக்கப்படுவதைப் பற்றி நீங்கள் அழகாக எழுதுகிறீர்கள். சுமக்கிறவளுக்கு இடுப்பு வலிக்கிறது. மாமியாருக்கு விசுவாசம் பெருகுகிறது, எனக்குப் போய்க்கொண்டிருக்கிறது.”

நேற்று முழுக்க இதற்குப் பதில் எழுதி எழுதி அழித்தேன். அந்தக் கட்டிலை நாலு பேர் சுமந்தார்கள், உங்கள் வீட்டில் ஒருத்தி சுமக்கிறாள். அதை விசுவாசத்தால் சரிக்கட்ட முடியாது, ஆளால்தான் முடியும். கணவர் ஒரு மூலை, கொழுந்தனார் ஒரு மூலை, சபை ஒரு மூலை. ஜெபிக்கிறோம் என்று வருகிறவர்களிடம் “ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வந்து மாமியார் பக்கத்தில் உட்காருங்கள், நான் வெளியே போய்வருகிறேன்” என்று கேளுங்கள். பாதிப்பேர் அப்புறம் வர மாட்டார்கள். மீதிப்பேர் போதும்.

என் வீட்டுப் பெண்ணுக்கு நான் சம்பளம் கொடுக்கிறேன். அதைச் சொல்லாமல் நேற்று பேதுருவைப் பற்றிப் பேசினது எனக்கே கொஞ்சம் உறுத்துகிறது. அவள் கேட்காமலே மே மாதத்திலிருந்து கூட்டிக் கொடுக்கச் சொல்லி அத்தானிடம் சொல்லியிருக்கிறேன்.

22 ஏப்ரல்

நேற்று போப் போய்விட்டார். முந்தின நாள் ஈஸ்டருக்கு மாடத்தில் வந்து வாழ்த்துச் சொன்னார், கை சரியாகத் தூக்க வரவில்லை. முன்பு போப்பாக இருந்தவர்களில் பெனடிக்ட் 2013-இல் பெலன் இல்லை என்று பதவியை விட்டு இறங்கினார், இரண்டாம் யோவான் பவுல் பார்க்கின்சனோடு 2005 வரை கடைசிவரை இருந்தார். எது சரி என்று இங்கே இரண்டு பேர் சண்டை போடுகிறீர்கள். இரண்டும் சரியாக இருக்கக் கூடாதா? பர்சிலா தாவீதிடம் சொன்னான்: எண்பது வயதாகிவிட்டது, சாப்பாட்டு ருசி தெரியாது, பாட்டுக் கேட்காது, அரண்மனைக்கு வந்து உமக்குப் பாரமாக இருப்பானேன், என் ஊரிலேயே இருக்கிறேன். தாவீது அவனை முத்தமிட்டு அனுப்பினார். காலேபோ 85 வயதில் மலைநாட்டைக் கொடு என்று கேட்டான். இரண்டு பேரும் வேதத்தில்தான் இருக்கிறார்கள்.

தொடங்கிய தம்பி ரொம்ப நாளாகக் காணோம். அப்பாவுக்கு பைபாஸ் என்று தனியாக எழுதியிருக்கிறார். விசுவாசக் கணக்கெல்லாம் இப்போது வேண்டாம். ஆபரேஷன் முடிந்ததும் இருமச் சொல்வார்கள், நெஞ்சில் தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள்.

4 மே

எங்கள் கோயிலில் கமிட்டி கூடி, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போடுவது என்று முடிவு. கூரையைப் பிரிக்கச் சொல்லிவிடுவேன் என்று பயந்துவிட்டார்களோ என்னவோ. சந்தோஷம்தான், ஆனால் கொத்தனார் போட்டிருக்கும் கோட்டைப் பார்த்தேன். மூன்று படி, ஒன்றரை அடி உயரம். அதற்கு ஐந்து அடி நீளத்தில் சாய்தளமாம். அதில் என்னை ஏற்றினால் நேரே பரலோகம்தான்.

எந்தச் சபையாக இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள்: 1-க்கு 12. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். எங்களுக்குப் பதினெட்டு அடி வேண்டும். இடம் இல்லை என்றால் நடுவில் திருப்பி வளைத்துக் கொண்டுவரலாம், திரும்பும் இடத்தில் சமதளம் விட வேண்டும். கைப்பிடி இரண்டு பக்கமும். பளபளக்கும் டைல்ஸ் வேண்டாம், சொரசொரப்பான சிமெண்ட் போதும். உபயம் என்று கல்லில் யார் பெயரைப் போடுவது என்ற சண்டையைக் கோயில் அசன விருந்துக்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.